இவ்வீட்டில் சந்தேகம் உண்டு

பிழைதிருத்தி வீட்டை விட்டுத் தெருவில் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அலங்காரம் எதுவும் கிடையாது, எல்லாம் ஜாக்கிரதை. முதலில் ஒரு முகக்கவசம், அதன்மேல் இன்னொன்று. இரண்டும் மூக்கோடு ஒட்டியிருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பிறகு கையுறை, பிறகு குடை. அந்தக் குடை மழைக்குமில்லை, வெயிலுக்குமில்லை. விரித்துப் பிடித்தால் எந்த மனிதரும் கம்பி முனைக்கு இப்பால் வர முடியாது. அதற்காகத்தான். தெருவில் எதிரே வருபவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பார்கள். அதையெல்லாம் அவர் பொருட்படுத்துவதில்லை.

வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும், திருத்திய தாள்களை அச்சகத்தில் கொடுத்துவிட்டுப் புதிய தாள்களை வாங்கி வருவார். மற்ற ஆறு நாளும் வீட்டில், சிவப்புப் பேனாவும் தாமுமாக இருப்பார்.

இவ்வளவு ஜாக்கிரதைக்கும் காரணம் இருந்தது. அவருக்கு மகள் பிறந்து முப்பத்தொரு நாள் ஆகிறது. வேறு ஊரில், மாமியார் வீட்டில். சாலைகளை அடைத்து வைத்திருந்ததால் குழந்தையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. கைப்பேசியில் இரண்டு படங்கள் வந்திருந்தன. ஒன்றில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், மற்றொன்றில் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சாலையைத் திறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தாயையும் குழந்தையையும் மச்சான் தம் காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதற்குள் தம்மேல் ஒரு கிருமி வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே கவலையில் மனுஷர் பாதி இளைத்துப் போயிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. தெருமுனையில் வெளிக்காற்று எச்சரிக்கைத் துறையின் ஒலிபெருக்கி வண்டி நின்றுகொண்டிருந்தது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, பேச வசதியாக முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிக்கொண்டு, "பொதுமக்கள் எக்காரணம் கொண்டும் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கக் கூடாது" என்றார். சொல்லி முடித்த கையோடு, ஒலிவாங்கியிலேயே ஒரு தும்மல் போட்டார். மூன்று தெருவுக்குக் கேட்டது. படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

இடையில் நாற்பதடி இருக்கும். பிழைதிருத்தி குடையைக் கேடயம் மாதிரி முன்னால் சாய்த்தார். ஆனால் சாய்த்தது தும்மலுக்கு முன்னாலா பின்னாலா என்பது வீடு வந்து சேர்ந்த பிறகும் அவருக்கு நினைவு வரவில்லை.

இரண்டு முறை குளித்தார். உப்புநீரில் வாய் கொப்பளித்தார். குடையையும் குளிப்பாட்டினார். அப்படியும் இருப்புக் கொள்ளவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது? நாற்பதடியை ஒரு தும்மல் தாண்டுமா? சாதாரணத் தும்மல் தாண்டாது என்றே வைத்துக்கொள்வோம், ஒலிபெருக்கியில் போட்ட தும்மல்? நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். பக்கத்து அறையில் பாகங்களை இணைத்துப் பூட்டி வைத்திருந்த புதுத் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அப்போது மேசைமேல் கிடந்த துறையின் துண்டறிக்கை கண்ணில் பட்டது. 'சந்தேகமா? உடனே அழையுங்கள்!'

அந்தத் துண்டறிக்கை அவரே பிழை பார்த்தது. அதோடு வந்த விண்ணப்பப் படிவமும் அவர் பார்த்ததுதான். படிவத்தின் பதினான்காம் கட்டத்தில் 'சந்தேகம் உண்டா? உண்டு / இல்லை' என்று இருந்தது. அவர் சும்மா இருந்திருக்கலாம். சிவப்பில் வட்டம் போட்டு, 'எந்தச் சந்தேகம்? இவருக்கு வந்த சந்தேகமா, இவர்மேல் வந்த சந்தேகமா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். துறையிலிருந்து பதில் வந்தது: 'பிழையை மட்டும் திருத்தவும். பொருளில் கைவைக்க வேண்டாம்.' அவரும் கைவைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் கட்டம் தம் தலையிலேயே வந்து விடியும் என்று யார் கண்டார்கள்?

அழைத்தார்.

"வணக்கம். வெளிக்காற்று எச்சரிக்கைத் துறை. உங்களுக்கு சந்தேகம் இருக்கா?" என்றது ஒரு பெண்குரல்.

"ஆமாங்க. ஒரு சின்ன சந்தேகம்."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "எப்பலேர்ந்து இருக்கு?"

"காலைல பதினோரு மணிலேர்ந்து."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"எனக்கு அடிக்கடி வரும்ங்க. என் தொழிலே அதானே."

தட்டச்சுச் சத்தம் வேகமாயிற்று. "வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"வேற யாரும் இல்லீங்க, நான் மட்டும்தான். என் கேள்வி என்னன்னா, நாற்பதடி தூரத்துல ஒருத்தர் தும்மினா..."

"கேள்விக்கு வேற பிரிவு சார். இது சந்தேகப் பிரிவு. விலாசம் சொல்லுங்க."

சொன்னார். பதிலை வீட்டுக்கே அனுப்பி வைப்பார்கள் போலிருக்கிறது, என்ன மரியாதையான துறை என்று நினைத்துக்கொண்டு மனநிறைவோடு சொன்னார்.

சாயங்காலம் தலைமுதல் கால்வரை பிளாஸ்டிக் உடை போட்ட இருவர் வந்தார்கள். கதவில் ஒரு பலகையை அறைந்தார்கள். 'இவ்வீட்டில் சந்தேகம் உண்டு. 14 நாட்கள் எவரும் நுழையவோ வெளியேறவோ கூடாது.' அவர்களுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் வந்து, வாசலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் தாம் கொண்டுவந்த சின்னத் திண்டை வைத்து, நீளமான நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். பருத்த, அன்பான மனிதர். துறையின் கண்காணிப்பாளர்.

"பயப்படாதீங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"என்னத்தைப் பாத்துப்பீங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் பிழைதிருத்தி.

"உங்களைத்தான்."

"ஐயா, எனக்கு நோய் எதுவும் இல்ல. நான் ஒரு விவரம் கேட்டேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை என் பொண்டாட்டி கைக்குழந்தையோட வர்றா."

"தாராளமா வரலாம் சார். வந்தா அவங்களும் சந்தேகத்துல சேந்துடுவாங்க. எல்லாருக்கும் மறுபடி பதினாலு நாள். குழந்தைன்னா இங்க வெக்க மாட்டோம், துறையோட குழந்தைகள் கூடத்துக்குக் கொண்டுபோயிடுவோம். பாதுகாப்பான இடம். ஒரே அறைல இருபது குழந்தைங்க இருக்கு, தனியா இருக்கற மாதிரியே தெரியாது."

பிழைதிருத்தி மனத்துக்குள் கணக்குப் போட்டார். இருபது குழந்தைகள், இருபது மூக்குகள். அன்றைக்கு அவர் சரியாகத் தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தார். ஜன்னலிலிருந்து தொட்டில்வரை, தொட்டிலிலிருந்து ஜன்னல்வரை. கண்காணிப்பாளர் எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம் உள்ளவர். "ஒன்பது நாற்பது, நடக்கிறார். ஒன்பது நாற்பத்தொன்று, அதே வழியில் திரும்பி நடக்கிறார். அமைதியின்மை, மிதமானது." இது காதில் விழுந்ததும் பிழைதிருத்தி போய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். "பத்து ஐந்து, அசைவில்லை. சோர்வு." இதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து ஆறு, காரணமில்லாத சிரிப்பு. மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்."

மத்தியானத்துக்குள் அவருக்கு இன்னொரு உபத்திரவம் ஆரம்பமாயிற்று. கதவை ஒட்டிய ஜன்னலில் நின்றால் பலகை தெரிந்தது. பலகையைப் பார்த்தால் 'நாட்கள்' தெரிந்தது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரையை இழுத்து விட்டார். பதினெட்டு வருடப் பழக்கம் விடுமா? திரையை விலக்கி, கம்பிக்கு வெளியே கையை நீட்டி, 'ட்'டை அடித்து மேலே 'ள்' போட்டார். ஓரத்தில் தம் சுருக்கொப்பத்தையும் இட்டார்.

கண்காணிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். "என்ன சார் பண்றீங்க?"

"நாள் கூட கள் சேந்தா நாள்கள்னுதான் வரணும். நாட்கள்னா நாள்பட்ட கள்ளு. பதினாலு நாட்கள்னா பதினாலு பழைய கள்ளுன்னு அர்த்தம் ஆயிடும்."

கண்காணிப்பாளர் இருந்த இடத்திலிருந்தே மூக்கைச் சுளித்து மோப்பம் பிடித்தார். "குடிச்சிருக்கீங்களா?"

"இலக்கணம்ங்க இது!"

"எதுவா இருந்தாலும் எழுதணும் சார்" என்று எழுதிக்கொண்டு, துறைக்குப் பேசினார். நெடுநேரம் 'சரிங்கய்யா, சரிங்கய்யா' என்றார். பிறகு வருத்தத்தோடு திரும்பினார். "எங்க விதியில நாட்கள்தான் இருக்காம் சார். நீங்க போட்டிருக்கற நாள்கள் வேற அளவாம். அதனால நேத்தைய நாள் செல்லாது. இன்னிக்கு மறுபடி ஒண்ணு."

புதன்கிழமை மனைவி பேசினாள். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் ஊராரின் ரத்தத்தையும் சளியையும் கண்ணாடிக் குழாயில் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத சுபாவம் வந்திருந்தது.

"என்னங்க, தொட்டிலைப் பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேன். அது வந்து... ஒரு சின்ன விஷயம்."

எல்லாவற்றையும் சொன்னார். குடை சாய்த்த நேரம் பற்றிய ஐயம் உட்பட.

"நாற்பதடிக்கு அந்தப் பக்கம் எவனோ தும்மினான். அதுக்கு நீங்களே போன் போட்டு நீங்களே மாட்டிக்கிட்டீங்க."

"மாட்டிக்கல. கேட்டேன்."

"காய்ச்சல் இருக்கா? இருமல்?"

"இல்ல. ஆனா நெஞ்சு படபடங்குது."

"அது எப்பவும் உள்ளதுதானே. நான் வெள்ளிக்கிழமை வர்றேன்."

"வராதே! பாப்பாவைக் கூடத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. நீ வராதே. நான் பாப்பாவைப் பாக்கலன்னாலும் பரவால்ல."

போனை வைத்தபின் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். முப்பத்துமூன்று நாளாக மகளை நேரில் பார்க்காத அப்பா, வரவேண்டாம் என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டார். கண் நிறைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது: "நாலு பத்து, கண்ணில் நீர். சளியோடு சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும்."

வியாழக்கிழமை அவருடைய சந்தேகத்தின்மேல் விசாரணை. சந்தேகத்துக்குரியவர் வெளியே வரக்கூடாது என்பதால் விசாரணையே கண்காணிப்பாளரின் கைப்பேசியில் அவரிடம் வந்தது. கண்காணிப்பாளர் அதைச் சத்தமாக வைத்து ஜன்னல் விளிம்பில் நிறுத்தினார். மறுபுறம் துறையின் பெரிய கூடத்தில் எல்லாப் பிரிவினரும் கூடியிருந்தார்கள். நாற்காலிகளை இழுக்கும் சத்தத்தைக் கேட்டாலே நாற்பது பேருக்குக் குறையாது என்று தெரிந்தது. இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, நோயைப் பார்த்துக்கொள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். சந்தேகத்தைப் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்? யாருமில்லை. நாம் வந்தோம். நாம் வருவதற்கு முன் இந்த ஊரில் மொத்தமே எழுபது சந்தேகங்கள்தான் இருந்தன. ஆறே மாதத்தில் பதினோராயிரமாக உயர்த்திக் காட்டியிருக்கிறோம்!"

கைதட்டல். பிழைதிருத்தி ஜன்னலண்டை போய், "ஐயா, எனக்கு ஒரு பரிசோதனை பண்ணிப் பாத்துட்டா தீந்துதே. பத்து நிமிஷ வேலை" என்றார்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இயக்குநரின் மேடைத்தமிழ் நழுவியது. "என்னங்க பேசறீங்க? பரிசோதனை பண்ணா முடிவு தெரிஞ்சுடும். முடிவு தெரிஞ்சா சந்தேகம் போயிடும். சந்தேகம் போயிட்டா அந்த நாற்காலியில உக்காந்திருக்காரே, அவர் எங்க போவார்?"

கண்காணிப்பாளர் நன்றியோடு தலையாட்டினார்.

"அப்ப என் சந்தேகம் எப்பதான் தீரும்?"

"உங்களுக்கு இப்ப சந்தேகம் இருக்கா, இல்லையா?"

"இல்லீங்க."

"திங்கட்கிழமை இருந்துதே. மூணு நாள்ல எங்க போச்சு? மறைக்கறீங்களோன்னு சந்தேகம் வருது."

"சரி, இருக்குங்க."

"நான்தான் சொன்னேனே" என்று இயக்குநர் கூடத்தைப் பார்த்துச் சொன்னார். "எழுதிக்குங்க. ஒப்புக்கொண்டார். இப்ப சொல்லுங்க, இது யார்கிட்டேருந்து வந்துது?"

பிழைதிருத்தி கொஞ்சம் தயங்கினார். "உங்க வண்டியில அறிவிப்பு பண்றவர்கிட்டேருந்துங்க. ஒலிவாங்கியிலயே தும்மினார்."

கூடம் கொதித்தெழுந்தது. துறைக்காரர் தும்முவாரா என்று ஒருவர் கேட்டார், பணி நேரத்திலா என்று இன்னொருவர் கேட்டார். அறிவிப்பாளரோ தாம் பிறந்ததிலிருந்தே தும்மியதில்லை என்று சத்தியம் செய்தார். இயக்குநர் மேசையைத் தட்டினார். துறையின் பெயருக்கு ஒரு களங்கம் என்றால் அதை அவர் பெரிதாக்கியே துடைப்பவர். அங்கேயே, அப்போதே ஒரு புது விதியைச் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். 'ஒலிபெருக்கியில் தும்மப்படும் தும்மல், அது கேட்கும் தூரம்வரை பரவியதாகக் கருதப்படும். அத்தும்மலைக் கேட்டவர் எவராயினும் அக்கணம் முதல் சந்தேகத்துக்குரியவர் ஆவார். இவ்விதி யாருக்கும் விலக்கின்றி உடனே அமலுக்கு வருகிறது.' கையெழுத்திட்டார். மூன்று தெரு, எப்படியும் நாலாயிரம் சந்தேகம் தேறும் என்று யாரோ கணக்குச் சொல்ல, மறுபடி கைதட்டல்.

"தும்மினாரா இல்லையாங்கறது இப்ப தெரிஞ்சுடும். வண்டி அறிவிப்பெல்லாம் பதிவாகி இருக்கு. ஒலிபெருக்கியில போடுங்க, எல்லாருக்கும் நல்லாக் கேக்கட்டும்" என்றார் இயக்குநர்.

போட்டார்கள். 'பொதுமக்கள் எக்காரணம் கொண்டும் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கக் கூடாது' என்று கணீரென்று வந்தது. அதன் வாலிலேயே தும்மலும் வந்தது. கூடத்துச் சுவரில் மோதி இரண்டாம் முறையும் கேட்டது.

"தும்மல்தான்!" என்றார் இயக்குநர் வெற்றியோடு.

பிழைதிருத்திக்கு அடக்க முடியவில்லை. அவர் குறும்புக்காரர் அல்ல. வரியில் ஒன்று இடித்தால் சொல்லிவிடுகிற சுபாவம், அவ்வளவுதான்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம்."

"இன்னும் என்ன?"

"இப்ப அந்தத் தும்மலை நீங்க எல்லாரும் கேட்டீங்களே?"

எழுத்தர் அந்த விதியை மறுபடி மெல்ல வாய்விட்டுப் படிப்பது கேட்டது. 'எவராயினும்' என்ற இடத்தில் குரல் தேய்ந்தது. நாற்பது நாற்காலிகள் ஒரே நேரத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. "கதவைத் திற!" என்றார் ஒருவர். "திறக்காதே, வெளியேறக் கூடாது!" என்றார் இயக்குநர். "உங்க கையெழுத்துதானேய்யா!" என்று யாரோ அழுதார்கள்.

"நான் காதைப் பொத்திக்கிட்டேன்" என்று இயக்குநர் சொன்னார்.

"அப்ப தும்மல்தான்னு எப்படிங்க சொன்னீங்க?" என்றது பெண்குரல். பிழைதிருத்திக்கு அது தெரிந்த குரல். திங்கட்கிழமை விலாசம் வாங்கிய அதே குரல். தட்டச்சு செய்யும் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. "சார், உங்களுக்கு எப்பலேர்ந்து இருக்கு?"

அத்தோடு இணைப்பு அறுந்தது.

கண்காணிப்பாளர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் கேட்டிருந்தார். கடமை தவறாதவர் ஆகையால் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே தம் பெயரை எழுதினார். "பதினொன்று இருபது, முகம் வெளிறியது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு திண்டைக் கக்கத்தில் இடுக்கி, நாற்காலியைத் தலைகீழாகத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, "நான் ஆபீஸ் வாசல்ல போய் உக்காரணும் சார். உள்ள நாற்பது பேர். ஒரு ஆளா எப்படிப் பாக்கப் போறேனோ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

துறை உள்ளிருந்து பூட்டிக்கொண்டுவிட்டது. யாருடைய சந்தேகத்தையும் தீர்க்கக் கையெழுத்துப் போட வெளியே ஆளில்லை. பிழைதிருத்தியின் கதவில் பலகை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. மச்சான் இறங்கிப் பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி காருக்குள் ஏறிக்கொண்டார். மனைவி துணிச்சுருளை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. பிழைதிருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இப்போது தடுக்க யாருமில்லை. அதுதான் பயமாக இருந்தது. இத்தனை நாளும் துறையைத் திட்டிக்கொண்டிருந்தார். துறை போனபிறகும் நாற்பதடி அப்படியே இருந்தது, குடையும் அப்படியே இருந்தது.

"கிட்ட வராதே! நிஜமாவே எனக்கு வந்திருந்தா?" என்றார்.

அவள் குழந்தையைக் கார் ஜன்னல் வழியாக அண்ணனிடம் கொடுத்தாள். முகக்கவசத்தைச் சரிசெய்து, கையுறை மாட்டி, பையிலிருந்து ஒரு நீளக் குச்சியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"மூக்கைக் காட்டுங்க."

காட்டினார். கண்ணில் நீர் வரும்வரை குடைந்தாள். குச்சியை ஒரு மருந்துக் குழாயில் முக்கி, அதிலிருந்து இரண்டு சொட்டைச் சிறு பரிசோதனைப் பட்டையில் விட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அந்தக் கால் மணி நேரமும் அவர் ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் நடந்தார். அவள் பலகையைப் படித்துக்கொண்டு நின்றாள்.

"நாள்கள்னு திருத்தினது நீங்கதானே?"

"ஆமா."

"இதுக்கு எத்தனை நாள் கூடப் போட்டாங்க?"

"ஒண்ணு."

அவள் சிரித்துவிட்டு, பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒண்ணுமில்ல உங்களுக்கு. நல்லா இருக்கீங்க."

"நிச்சயமா?"

"நான் இதே வேலையாத்தானே இருக்கேன். கதவைத் திறங்க."

"பலகை இருக்கே?"

"இந்த வீட்ல சந்தேகம் உண்டுன்னுதானே போட்டிருக்கு? கல்யாணமான நாளா எனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே குடித்தனம் பண்றேன். திறங்க."

திறந்தார். கையைக் கழுவினார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் இன்னொரு தரம் கழுவினார். பிறகு, அவள் காரிலிருந்து வாங்கிவந்த குழந்தைக்குக் கையை நீட்டினார். மகள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தாள், படத்தில் இருந்ததைவிடச் சிவப்பாக இருந்தாள், இந்தத் தடவை முகத்தைக் காட்டினாள். அவர் துணியை இழுத்து அந்தச் சின்னக் காலை மூடினார்.

குழந்தை நெற்றியைச் சுருக்கி, வாயைத் திறந்து, அவர் முகத்துக்கு நேரே தும்மியது.

பிழைதிருத்தியின் கண்கள் தாமாகவே மேசைமேல் இருந்த துண்டறிக்கைக்குப் போயின.

"ஏன் தும்மறா?" என்றார்.

"மூக்கு இருக்கறதால" என்றாள் மனைவி.